ஆங்கில வினையும் வேண்டாத சிறு சொல்லும்

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் வடநாட்டு நகரம் ஒன்றில் உத்தியோகம் பார்த்துவந்தேன். அங்கே ஒரு தொழிற்கூடத்தில் பணிசெய்த தமிழர் ஒருவர் ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவர் அனுப்பிய முறையீட்டின் நகல். மற்றொன்று அதற்கு வந்த மறுமொழி.

நடந்தது இதுதான். வேலை முடிந்து வெளியேறும்போது வாயிற்காவலர் அவரைத் தனியே நிறுத்தி, உடன் பணிசெய்வோர் நாற்பது பேர் பார்த்திருக்க, அவருடைய பையைச் சோதனையிட்டிருக்கின்றனர். பையில் சோற்றுப் பாத்திரத்தையும் துண்டையும் தவிர ஒன்றுமில்லை. அவமானம் தாங்காமல், தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மேலதிகாரிக்கு ஒரு முறையீடு எழுதினார். ஆறு வாரம் கழித்து மறுமொழி வந்தது. காணாமற்போன பையைப் பற்றித் தகவல் ஏதும் இல்லை என்றும், பொருள்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பேற்காது என்றும் அதில் கண்டிருந்தது.

“ஐயா, பை என்னிடமே இருக்கிறதே! தொலைந்தது என்று யார் சொன்னார்?” என்று அவர் கேட்டார். நகலைப் படித்துப் பார்த்தேன். ‘ஸெர்ச்ட் மை பேக்’ என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் அவர் ‘ஸெர்ச்ட் ஃபார் மை பேக்’ என்று எழுதியிருந்தார். முன்னதற்குப் பையைச் சோதித்தார்கள் என்பது பொருள். பின்னதற்கு, பையைக் காணாமல் தேடினார்கள் என்பது பொருள். ‘ஃபார்’ என்னும் ஒரு சிறு சொல், அவர் பட்ட அவமானத்தைத் தொலைந்த பையின் கதையாக மாற்றிவிட்டது. முறையீட்டைத் திருத்தி மறுபடி அனுப்பினோம். ஆயினும் கழிந்துபோன ஆறு வாரம் கழிந்ததுதான்.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு ஆங்கிலம் வெறும் படிப்பன்று. வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வங்கி, வேலை விண்ணப்பம், நேர்முகத் தேர்வு ஆகிய எல்லாவற்றிலும் அது குறுக்கிடுகிறது. ஆகவே வினைச்சொல்லுக்குப் பின்னே வேண்டாத சிறு சொல் வந்து ஒட்டிக்கொள்ளும் பிழை ஏன் நேர்கிறது, அதை எங்ஙனம் தவிர்க்கலாம் என்பதை ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் ‘இன்’, ‘ஆன்’, ‘டு’, ‘ஃபார்’, ‘வித்’, ‘அபௌட்’ போன்ற சொற்களுக்குப் ‘பிரெப்பொசிஷன்’ என்று பெயர். தமிழில் முன்னிடைச்சொல் என்கிறோம். நம் மொழியில் வேற்றுமை உருபுகள் செய்யும் பணியில் ஒரு பகுதியை அங்கே இச்சொற்கள் செய்கின்றன. ‘ஐ’, ‘ஆல்’, ‘கு’, ‘இன்’ முதலிய உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டி வருகின்றன. ஆங்கிலச் சிறு சொற்களோ பெயருக்கு முன்னே தனித்து நிற்கின்றன.

இந்த ஒப்புமையைக் கண்டதும், உருபு இருக்கும் இடமெல்லாம் ஒரு முன்னிடைச்சொல்லும் இருக்க வேண்டும் என்று நம் மனம் கணக்கிட்டுவிடுகிறது. அங்கேதான் பிழைக்கு விதை விழுகிறது. ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபுக்கு இணையான முன்னிடைச்சொல் ஆங்கிலத்தில் கிடையாது. அந்த உருபின் வேலையை அங்கே இடமே செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘பூனை எலியைப் பிடித்தது’ என்றாலும், ‘எலியைப் பூனை பிடித்தது’ என்றாலும், ‘பிடித்தது எலியைப் பூனை’ என்றாலும் தமிழில் பொருள் மாறுவதில்லை. ‘ஐ’ உருபு எலியை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் பூனையும் எலியும் இடம் மாறினால், பிடித்தது எலியாகிவிடும். வினைக்கு முன் நிற்பது எழுவாய், வினையை அடுத்து நிற்பது செயப்படுபொருள் என்பது அம்மொழியின் ஏற்பாடு.

இது என்றும் இப்படியே இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. 1066 இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் அவ்விகுதிகள் பெரும்பாலும் தேய்ந்து மறைந்தன. அவை விட்டுச்சென்ற பணியைச் சொல்வரிசையும் முன்னிடைச்சொற்களும் பங்கிட்டுக்கொண்டன. செயப்படுபொருளைக் காட்டும் பணி சொல்வரிசையின் பங்காயிற்று.

தமிழ் இலக்கணம் பயின்ற நமக்கு இதைப் புரிந்துகொள்ளுதல் எளிது. ‘பால் குடித்தான்’ என்கிறோம். ‘பாலைக் குடித்தான்’ என்று விரித்துரைப்பதில்லை. உருபு மறைந்திருந்து பொருள் தருகிறது. இதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் செயப்படுபொருள் குன்றாவினை ஒவ்வொன்றும் தன் பெயரை இவ்வாறுதான் தழுவுகிறது. ‘பால் குடித்தான்’ என்பதன் நடுவே ஓர் உருபைச் செருகாமலே பொருள் விளங்குவது போல, ‘டிஸ்கஸ் த மேட்டர்’ என்பதன் நடுவிலும் எதையும் செருக வேண்டுவதில்லை.

ஆயினும் நம்மில் பலர் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்கிறோம். இதற்குக் காரணங்கள் மூன்று.

முதற்காரணம், நம் தாய்மொழியின் பழக்கம். ‘அதைப் பற்றி விவாதித்தார்கள்’ என்று தமிழில் சொல்கிறோம். ‘பற்றி’ என்பது ‘அபௌட்’ ஆகிவிடுகிறது. ‘அறைக்குள் நுழைந்தான்’ என்பதிலுள்ள ‘உள்’ என்பது ‘என்டர் இன்டு’ என்று வருகிறது. ‘ஊருக்குப் போய்ச் சேர்ந்தான்’ என்பதிலுள்ள ‘கு’ உருபு ‘ரீச் டு’ என்று தலைகாட்டுகிறது. ‘அவனோடு மணமாயிற்று’ என்பதிலுள்ள ‘ஓடு’ உருபு ‘மேரி வித்’ என்று மாறுகிறது. இந்நான்கு வினைகளும் பொருளை நேரே தழுவுவன. ‘டிஸ்கஸ்’, ‘என்டர்’, ‘ரீச்’, ‘மேரி’ என்னும் வினையை அடுத்துப் பெயரை வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இரண்டாங்காரணம், ஆங்கிலத்திலேயே உள்ள உறவுச் சொற்களின் மயக்கம். ஏறக்குறைய ஒரே பொருளுடைய இரு வினைகளில் ஒன்று முன்னிடைச்சொல்லை வேண்டும்; மற்றொன்று வேண்டாது. ‘டாக்’ என்பதற்கு ‘அபௌட்’ வேண்டும். ‘டிஸ்கஸ்’ என்பதற்கு வேண்டாம். ‘வெயிட்’ என்பதற்கு ‘ஃபார்’ வேண்டும். ‘அவெயிட்’ என்பதற்கு வேண்டாம். ‘ஆஸ்க் ஃபார்’ என்று ஒன்றைக் கேட்கலாம். ‘ரிக்வெஸ்ட்’ என்னும் வினைக்கு ‘ஃபார்’ ஆகாது. ‘அரைவ்’ என்பதற்கு ‘அட்’ அல்லது ‘இன்’ வேண்டும். ‘ரீச்’ தனித்தே நிற்கும். ‘திங்க் அபௌட்’ என்பது சரி. ‘கன்ஸிடர் அபௌட்’ என்பது பிழை. ‘ரிப்ளை டு’ என்பது சரி. ‘ஆன்ஸர்’ என்னும் வினை கடிதத்தை நேரே தழுவும். ‘லுக் லைக்’ என்பது போல ‘ரிஸெம்பிள் டு’ என்று எழுதக்கூடாது. ‘ரிஸெம்பிள்’ மட்டுமே போதும்.

இவ்வரிசையில் அலுவலகத்தாரையும் மயக்குவது ‘கம்ப்ரைஸ்’ என்னும் சொல். ஒரு குழு ஐந்து உறுப்பினரைக் கொண்டது என்று சொல்ல ‘கன்ஸிஸ்ட்ஸ் ஆஃப்’ எனலாம். அல்லது ‘கம்ப்ரைஸஸ்’ எனலாம். ‘கம்ப்ரைஸஸ் ஆஃப்’ என்பது இவ்விரண்டையும் கலந்த குழப்பம். ‘இஸ் கம்ப்ரைஸ்ட் ஆஃப்’ என்னும் வழக்கை இக்கால அகராதிகள் பதிவு செய்கின்றன. எனினும் அதை ஏற்காத வாசகர் பலர் உண்டாதலின், விண்ணப்பங்களில் தவிர்ப்பதே நலம்.

மூன்றாங்காரணமே மிகவும் நுட்பமானது. ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் வரும். அல்லது வினையிலிருந்து பெயர் பிறக்கும். பெயராக நிற்கும்போது அதற்கு முன்னிடைச்சொல் வேண்டும். வினையாக நிற்கும்போது வேண்டாம். நாம் பெயருக்கு உரியதை வினைக்கும் கொடுத்துவிடுகிறோம்.

‘ஆர்டர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘அன் ஆர்டர் ஃபார் புக்ஸ்’ என்பதில் அது பெயர், ‘ஃபார்’ பொருந்தும். ‘ஆர்டர்ட் புக்ஸ்’ என்பதில் அது வினை, ‘ஃபார்’ வேண்டாம். ‘ரிக்வெஸ்ட்’, ‘டிமாண்ட்’ ஆகியனவும் இத்தகையனவே. விடுமுறை வேண்டி எழுதும் விண்ணப்பம் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’. ஆனால் விடுமுறை வேண்டுகிறேன் என்பது ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ்’. ‘எம்ஃபஸிஸ் ஆன்’ என்பது பெயர்வழக்கு. ‘எம்ஃபஸைஸ்’ என்னும் வினைக்கு ‘ஆன்’ தேவையில்லை. ‘எ விஸிட் டு மதுரை’ என்பதும் ‘விஸிடட் மதுரை’ என்பதும் சரி. ‘விஸிடட் டு மதுரை’ என்பது பிழை. ‘லாக் ஆஃப் வாட்டர்’ என்றால் நீரின்மை. எங்கள் தெருவில் நீரில்லை என்று வினையாகச் சொல்லும்போது ‘லாக்ஸ் வாட்டர்’ என்பதே முறை. ‘இன் கான்டாக்ட் வித்’ என்பது பெயர். ‘கான்டாக்ட்’ என்னும் வினைக்கு ‘வித்’ வேண்டாம். ‘டிஸ்கஷன் அபௌட்’ அல்லது ‘டிஸ்கஷன் ஆன்’ என்று எழுதலாம்; வினையில் அந்த ஒட்டு உதிர்ந்துவிட வேண்டும்.

ஆகவே ஐயம் தோன்றும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இச்சொல் இங்கே பெயரா, வினையா? அதற்கு முன் ‘எ’, ‘த’ போன்ற சொல் நிற்குமானால் பெரும்பாலும் அது பெயர். அதன் பின்னே முன்னிடைச்சொல்லை எதிர்பார்க்கலாம். எழுவாயை அடுத்து நின்று செயலைக் குறிக்குமானால் அது வினை. அங்கே எச்சரிக்கையாக இருங்கள். எல்லா வினைகளுக்கும் இவ்விதி பொருந்தாது. ஆனால் நாம் அன்றாடம் தவறும் இடங்களில் பெரும்பகுதியை இது காத்துவிடும்.

நினைவில் நிறுத்துவதற்கு இன்னொரு வழியும் உண்டு. இவ்வினைகளிற் பல இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வந்தவை. அவற்றின் உடலுக்குள்ளேயே பழைய இலத்தீன் முன்னிடைச்சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. ‘அப்ரோச்’ என்பதன் முதலில் ‘நோக்கி’ என்னும் பொருளுடைய ‘அட்’ மறைந்திருக்கிறது. ஆகவே ‘அப்ரோச் டு’ என்று எழுதினால் ‘நோக்கி’ இருமுறை வருகிறது. ‘அவெயிட்’, ‘அக்கம்பனி’ ஆகியவற்றிலும் அதே ‘அட்’ தேய்ந்து கிடக்கிறது. ‘என்டர்’ என்பது ‘உள்ளே’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ‘இன்வெஸ்டிகேட்’ என்பதில் ‘இன்’ முன்னமே இருக்கிறது. தடம்பற்றி ஆராய்தல் என்பது அதன் மூலப்பொருள். ‘ரிடர்ன்’ என்பதிலுள்ள ‘ரி’ என்பதற்கே ‘திரும்ப’ என்று பொருள். எனவே ‘ரிடர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ மிகை. அது முன்னிடைச்சொல் அன்று, வினையடையே ஆயினும் பிழை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

நாமும் தமிழில் இதைச் செய்கிறோம். ‘ஞாண்’ என்றாலே கயிறு. எனினும் ‘அரைஞாண் கயிறு’ என்கிறோம். ‘கேட்’ என்றாலே கதவு. எனினும் ‘கேட்டுக் கதவு’ என்கிறோம். பேச்சில் இவை குற்றமாகத் தோன்றுவதில்லை. செய்யுளில் ஒருபொருட்பன்மொழி என்று இலக்கணமே இடங்கொடுக்கிறது. முறையீட்டிலும் விண்ணப்பத்திலும் அந்தச் சலுகை இல்லை.

இந்த வேர்ச்சொல் விளக்கம் நினைவுக்கு உதவியே தவிர விதியாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘அப்ளை’ என்னும் சொல்லிலும் ‘அட்’ ஒளிந்திருக்கிறது. ஆயினும் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும்போது ‘டு’வும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘ஃபார்’ என்பதும் கட்டாயம் வேண்டும்.

இனி, முன்னிடைச்சொல் வந்தால் பிழையாகாமல் பொருளே வேறாகும் இடங்களைப் பார்ப்போம். என்னைப் பார்க்க வந்த நண்பரின் இடர் இவ்வகையைச் சேர்ந்தது. ‘அட்டெண்ட் த மீட்டிங்’ என்றால் கூட்டத்துக்குச் செல்லுதல். ‘அட்டெண்ட் டு’ என்றால் ஒரு காரியத்தைக் கவனித்தல். ‘ஆன்ஸர் த மேனேஜர்’ என்றால் மேலாளருக்கு விடையளித்தல். ‘ஆன்ஸர் டு த மேனேஜர்’ என்றால் அவருக்குக் கட்டுப்பட்டவராயிருத்தல். ‘ஆன்ஸர் ஃபார்’ என்றால் ஒன்றற்குப் பொறுப்பேற்றல். செய்யாத தவற்றுக்கு விளக்கம் எழுதுபவர் இந்த மூன்றையும் மாற்றிப் போட்டால் விளைவு என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நற்சான்று எழுதுவோர் ‘ஐ நோ ஹிம்’ என்பதற்கும் ‘ஐ நோ ஆஃப் ஹிம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர வேண்டும். முன்னது, அவரை நேரே அறிவேன் என்பது. பின்னது, அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்ற அளவே. உதவ நினைத்துச் சேர்த்த ‘ஆஃப்’ அந்த நற்சான்றின் வலுவைக் குறைத்துவிடும். ‘என்டர் த ரூம்’ என்பது அறைக்குள் நுழைதல். ஆனால் ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது ‘என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்’ என்றே எழுத வேண்டும். வாடகைப் பத்திரத்தில் ‘இன்டு’ இருப்பதைக் கண்டு யாரும் அதை அடித்துவிட வேண்டாம்.

எல்லாச் சிறு சொற்களையும் வெட்டி எறிவதும் தீர்வாகாது. வேண்டிய இடத்தில் விட்டுவிடுவதும் பிழையே. ‘லிஸன் மீ’ என்பது தவறு. ‘லிஸன் டு மீ’ என்பதே சரி. ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று பலர் கூறுகின்றனர். ‘எக்ஸ்ப்ளெயின் டு மீ’ என்றே சொல்ல வேண்டும். ஆட்சேபிக்கும்போது ‘அப்ஜெக்ட் டு’ என்பதில் ‘டு’ தேவை. ஆகவே எதை விடுவது, எதை வைப்பது என்பதை வினைதான் தீர்மானிக்கிறது.

இப்பிழைகள் தமிழருக்கு மட்டும் உரியன என்று எண்ணி எவரும் நாணமுற வேண்டியதில்லை. நான் இப்போது வசிக்கும் திருவனந்தபுரத்தில் மலையாள நண்பர்களிடமும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பதைக் கேட்கிறேன். நைஜீரியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வழக்கு உண்டு. ஆங்கில நாடுகளுக்குள்ளும் ஒருமை இல்லை. தீர்ப்பை எதிர்த்து முறையிடுவதை இங்கிலாந்திலும் நம் நாட்டிலும் ‘அப்பீல் அகென்ஸ்ட்’ என்பர். அமெரிக்கர் ‘அகென்ஸ்ட்’ இல்லாமலே எழுதுவர். ஒருவரைச் சந்தித்துப் பேசுவதை அமெரிக்கர் ‘மீட் வித்’ என்பர். நமக்கு ‘மீட்’ போதும். மொழி வழக்கு காலத்தாலும் இடத்தாலும் மாறுவது. நண்பர்கள் உரையாடும்போது ஒருவர் ‘அபௌட்’ சேர்த்துவிட்டால் அதைத் திருத்த முற்படுவது பண்பாகாது. ஆனால் நம்மை முன்பின் அறியாத அதிகாரி ஒருவர், நம் எழுத்தை மட்டும் வைத்து நம்மை மதிப்பிடும் இடத்தில், நாம் சொல்ல வந்ததற்கு நம் பிழையே குறுக்கே நிற்கக் கூடாதன்றோ?

பயிற்சிக்கு வழி என்ன? ஏ. எஸ். ஹார்ன்பி என்னும் ஆங்கிலேயர் ஜப்பானில் ஆசிரியராக இருந்தபோது, அந்நாட்டு மாணாக்கரின் இடர்களை நேரில் கண்டு, வேற்று மொழியாளருக்கென ஓர் அகராதியை வேறு இருவரோடு சேர்ந்து தொகுத்தார். 1942 இல் டோக்கியோவில் வெளிவந்த அந்நூலை 1948 இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் மறுபடி வெளியிட்டது. இன்று மாணாக்கர் கையாளும் ஆக்ஸ்ஃபோர்டு பயில்வோர் அகராதி அதன் வழிவந்ததே. ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்பதைக் காட்டியதே அதன் சிறப்பு. நாமும் ஒரு வினையைத் தனியே மனப்பாடம் செய்யாமல், அதன் அண்டைச் சொல்லோடு சேர்த்துக் கற்க வேண்டும். ‘வெயிட் ஃபார் த பஸ்’, ‘அவெயிட் யுவர் ரிப்ளை’ என்று சிறு தொடர்களாகக் கற்றால் காதே நாளடைவில் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

எழுதியதை அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு வினைக்கும் பின்னேயுள்ள சிறு சொல்லை விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்த பின்னும் பொருள் மாறாமல் நின்றால் அகராதியைத் திறந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு சிறு சோதனை: ‘வி டிஸ்கஸ்ட் அபௌட் த மேட்டர் அண்ட் ரிக்வெஸ்டட் ஃபார் அன் என்கொயரி. வி ஆர் அவெயிட்டிங் ஃபார் யுவர் ஆன்ஸர்.’ இவ்விரு வாக்கியங்களில் நீக்க வேண்டியவை ‘அபௌட்’ ஒன்றும் ‘ஃபார்’ இரண்டும். நீக்கிய பின் படித்துப் பாருங்கள். வாக்கியம் நிமிர்ந்து நிற்பதை உணர்வீர்கள்.

முடிக்குமுன் ஒன்று. ஆங்கிலம் கைவராதவர் குறையைச் சொல்லாமலே இருந்துவிட வேண்டும் என்பதில்லை. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் விண்ணப்பத்தை அளிக்க அரசியலமைப்பின் 350 ஆம் பிரிவு உரிமை தருகிறது. கேரளத்தில் 1969 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதிகள் என அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதவும், மறுமொழியைத் தமிழிலேயே பெறவும் வழி செய்துள்ளது. அவ்வுரிமையை அறிந்திருங்கள், அண்டை அயலாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆயினும் தமிழில் எழுதும் உரிமையும் ஆங்கிலத்தில் எழுதும் திறமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆலப்புழையில் பிறந்து, இத்திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, 1891 இல் மனோன்மணீயம் என்னும் நாடகத்தைத் தமிழுக்கு அளித்தார். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைப் பற்றிய ஆராய்ச்சியை அவரே ஆங்கிலத்திலும் எழுதினார். அவருடைய தமிழ்ப்பற்றுக்கு அவருடைய ஆங்கிலம் ஊறு செய்யவில்லை. எம்மொழியில் எழுதினாலும், ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் நின்று தன் பணியைச் செய்ய வேண்டும் என்னும் கவனம் ஒன்றே.

அந்த நண்பரின் இரண்டாவது முறையீட்டுக்கு என்ன மறுமொழி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். வருத்தம் தெரிவித்து ஒரு வரி வந்தது. அதை அவர் மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.